ஒரே மாடியில் இரண்டு கர்ப்பிணிகள்

அமெரிக்காவில் ஒரு பெண் உண்டாகியிருக்கிறாள் என்று டாக்டர் ஆபீசுக்குப் போன் செய்தால், மறுமுனையில் இருப்பவர் முதலில் கேட்பது "உங்களுக்கு எந்த இன்சூரன்ஸ்?" என்றுதான். எத்தனை நாள் தள்ளிப் போயிருக்கிறது, தலைச்சனா, வாந்தி இருக்கிறதா என்பதெல்லாம் அப்புறம். என் தங்கை போனில் இதைச் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். அங்கே போய் ஐந்து மாதம் இருந்து பார்த்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

2023-ல் தங்கைக்கு முப்பத்தாறு வயதில் முதல் தடவையாகத் தங்கியது. எங்களுக்கு அம்மா இல்லை. ஆகவே பிரசவம் பார்க்க அக்காவாகிய நான்தான் போகவேண்டியதாயிற்று. ஜார்ஜியா மாநிலம், அட்லாண்டா நகரம். மூன்று மாடிக் கட்டடத்தில் இரண்டாவது மாடி. ஒரு மாடிக்கு நாலு வீடு. எதிர் வீட்டில் ஒரு கறுப்பினப் பெண், இருபத்தொன்பது வயது, ஐந்து வயதில் ஒரு பையன். அவளும் முழுகாமல் இருந்தாள். என் தங்கையைவிட மூன்று வாரம்தான் மூத்த கர்ப்பம். இரண்டு பேரும் படியில் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறும்போது ஒருத்தியைப் பார்த்து ஒருத்தி சிரித்துக்கொள்வார்கள். அப்படித்தான் பழக்கம்.

தங்கைக்கு அவள் வீட்டுக்காரரின் கம்பெனி இன்சூரன்ஸ். எட்டாவது வாரமே டாக்டர் பார்த்துவிட்டார். ஸ்கேன் எடுத்துத் தேதி குறித்து, ரத்தம், சிறுநீர் எல்லாம் சோதித்து, அதன் பிறகு 28 வாரம் வரை மாதம் ஒரு தடவை, 36 வாரம் வரை பதினைந்து நாளைக்கு ஒரு தடவை, அப்புறம் வாரா வாரம் என்று காலண்டரில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பன்னிரண்டாவது வாரத்தில் இன்னொன்றும் சொன்னார்கள். தினம் ராத்திரி ஒரு சின்ன ஆஸ்பிரின் மாத்திரை, 81 மில்லிகிராம். "பிள்ளைத்தாய்ச்சிக்கு ஆஸ்பிரினா?" என்று எனக்குப் பதறியது. விசாரித்தபோது விவரம் புரிந்தது. முப்பத்தைந்து வயதுக்கு மேல், அதுவும் தலைச்சன் பிரசவம் என்றால் ரத்தக் கொதிப்பு ஏறி 'பிரீ எக்ளாம்ப்ஸியா' என்ற கோளாறு வர வாய்ப்பு கொஞ்சம் அதிகமாம். பன்னிரண்டாம் வாரத்திலிருந்து, முடிந்தவரை பதினாறாம் வாரத்துக்குள், இந்தச் சின்ன மாத்திரையை ஆரம்பித்தால் அந்த ஆபத்து குறைகிறதாம். 28 வாரம் தாண்டிவிட்டால் ஆரம்பிப்பதில்லை. (இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக மருந்துக் கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டாம். யாருக்குத் தேவை, யாருக்கு ஆகாது என்பது டாக்டர் சொல்லவேண்டிய விஷயம்.)

இந்த மாத்திரையைப் பற்றி இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எதிர் வீட்டுப் பெண்ணுக்கு முதல் பிரசவத்திலேயே கடைசி மாதத்தில் கொதிப்பு ஏறி அவஸ்தைப்பட்டிருக்கிறாள். ஒரு தடவை அப்படி வந்தவளுக்குத்தான் மறுபடியும் வர ரொம்ப வாய்ப்பு. எந்த டாக்டரைக் கேட்டாலும், முதல் விஸிட்டிலேயே மாத்திரை எழுதிக் கொடுக்கவேண்டியவள் அவள்தான். ஆனால் அவள் முதன்முதலாக டாக்டர் முகத்தைப் பார்த்தது இருபத்திரண்டாவது வாரத்தில்.

அசட்டையா? அதுதான் இல்லை. ஏழாவது வாரத்திலேயே போன் செய்திருக்கிறாள். ஒரு பலசரக்குக் கடையில் பில் போடும் வேலை. மணிக் கணக்கில் சம்பளம், கம்பெனி இன்சூரன்ஸ் கிடையாது. ஏழைகளுக்கு அரசாங்கம் தரும் இன்சூரன்ஸ் ஒன்று உண்டு. மெடிகெய்ட் என்று பெயர். அந்த நாட்டில் நடக்கும் பிரசவங்களில் பத்துக்கு நாலு அந்தக் கார்டில்தான் நடக்கிறது. அதற்கு மனு போட்டாள். சம்பளச் சீட்டு கேட்டார்கள், அனுப்பினாள். மறுபடியும் கேட்டு ஒரு கடிதம் வந்தது, மறுபடியும் அனுப்பினாள். கார்டு வரவே ஆறு வாரம். கார்டு வந்ததும் பக்கத்திலிருந்த டாக்டர் ஆபீஸில், "மெடிகெய்டில் புது நோயாளிகளை எடுப்பதில்லை" என்று சொல்லிவிட்டார்கள். அந்தக் கார்டுக்கு அரசாங்கம் கொடுக்கும் பணம் குறைவு என்பதால் பல டாக்டர்கள் அதை ஏற்பதில்லையாம். இன்னொரு கிளினிக்கில் ஐந்து வாரம் கழித்து நேரம் கொடுத்தார்கள். அது ஊரின் மறுகோடி. இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேர இருபது நிமிஷம் தாமதம். பதினைந்து நிமிஷத்துக்கு மேல் தாமதமானால் பார்க்கமாட்டோம் என்று வாசலில் போர்டு. திரும்பி வந்துவிட்டாள். அடுத்த நேரம் கிடைப்பதற்குள் ஐந்து மாதம் முடிந்துவிட்டது. அன்றைக்கு வேலைக்குப் போகாததற்குச் சம்பளமும் போயிற்று.

நான் பிளஸ் டூ வரை படித்தவள். என் இங்கிலீஷை வைத்துக்கொண்டு இதையெல்லாம் புரிந்துகொள்ளவே எனக்குப் பல நாள் ஆயிற்று. நம் ஊரில் கிராம சுகாதார நர்ஸம்மா வீட்டு வாசலுக்கே வந்து, "எத்தனை மாசம்? அட்டை போட்டாச்சா? இரும்புச் சத்து மாத்திரை சாப்பிடறியா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார். அவ்வளவு பெரிய பணக்கார தேசத்தில் வாசலுக்கு வந்து கேட்க ஆள் இல்லையே என்று எனக்கு ஆச்சரியம். நாமும் ரொம்பப் பெருமைப்பட்டுக்கொள்ள வேண்டாம். மலைக் கிராமத்துப் பெண்களை இடுப்பு வலியோடு தொட்டிலில் கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கும் படங்களை நம் பத்திரிகைகளிலும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்.

தங்கை எனக்குக் கணக்கு எடுத்துக் காட்டினாள். 2016-ல் அமெரிக்காவில் பிள்ளை பெற்ற வெள்ளைக்காரப் பெண்களில் நூற்றுக்கு 82 பேர் முதல் மூன்று மாதத்துக்குள்ளேயே டாக்டரைப் பார்த்துவிட்டார்கள். கறுப்பினப் பெண்களில் ஏறக்குறைய 67 பேர்தான். அந்த மண்ணின் ஆதிக் குடிகளான செவ்விந்தியப் பெண்களில் 63. பசிபிக் தீவுகளிலிருந்து வந்தவர்களில் பாதிக்குக் கொஞ்சம் மேல். 2023-ல் ஒரு லட்சம் பிரசவத்துக்கு வெள்ளைக்காரத் தாய்மார் இறந்தது 14.5, கறுப்பினத் தாய்மார் 50.3. மூன்று மடங்குக்கும் மேல்!

ஏழைகள் அதிகம், அதனால் அப்படி என்று நானும் நினைத்தேன். தங்கை தலையை ஆட்டினாள். "படிச்சவங்களைப் பாரு அக்கா" என்றாள். காலேஜ் பட்டம் வாங்கிய கறுப்பினப் பெண்ணுக்குப் பிரசவத்தில் உயிர் போகும் ஆபத்து, பள்ளிக்கூடத்தையே முடிக்காத வெள்ளைக்காரப் பெண்ணைவிட அதிகம் என்று அரசாங்கத்தின் நோய்த் தடுப்பு மையமே 2019-ல் சொல்லியிருக்கிறது. அந்த மையம் இருப்பதும் இதே அட்லாண்டாவில்தான். அங்கேயே அதிகாரியாக இருந்த, டாக்டர் பட்டம் பெற்ற ஒரு கறுப்பினப் பெண், 2017 ஜனவரியில் குழந்தை பிறந்த மூன்றே வாரத்தில் கொதிப்பினால் வந்த கோளாறில் போய்விட்டார். ஜனங்களுக்குள் ஆரோக்கியத்தில் ஏன் இவ்வளவு ஏற்றத்தாழ்வு என்று ஆராய்ந்துகொண்டிருந்தவர். கேட்டபோது எனக்கு அடிவயிற்றைப் பிசைந்தது. டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸ் கதையும் அந்த வருஷம்தான். சிசேரியன் ஆன மறுநாள் மூச்சு முட்டியது. தமக்கு ரத்தம் உறையும் கோளாறு முன்பே உண்டு என்பதால், இன்ன ஸ்கேன் எடுங்கள், இன்ன மருந்து போடுங்கள் என்று அவரே கேட்டிருக்கிறார். வலி மருந்தின் மயக்கத்தில் ஏதோ பேசுகிறார் என்று முதலில் நினைத்துவிட்டார்களாம். கடைசியில் ஸ்கேனில் நுரையீரலில் கட்டிகள் இருந்தன. உலகமே அறிந்த பெண்ணுக்கே வாயால் சொன்னது போதவில்லை என்றால், பில் போடும் பெண் சொல்வதை யார் கேட்பார்கள்?

எதிர் வீட்டுப் பெண்ணுக்குத் துணையாக அவள் அம்மா தெற்கு ஜார்ஜியாவில் ஆல்பனி பக்கத்திலிருந்து வந்திருந்தார். புருஷன் லாரி ஓட்டுகிறவன். வாரத்தில் நாலு நாள் வெளியூர். அந்த அம்மாளுக்கு அறுபது வயதுக்கு மேல். கட்டடத்தில் எல்லாருக்கும் பொதுவான துணி துவைக்கும் அறையில், மிஷின் சுற்றி முடிகிற வரைக்கும் எங்களுக்குப் பேச்சு. அவர் இழுத்து இழுத்துப் பேசும் இங்கிலீஷ் எனக்குப் பாதி புரியாது, என்னுடையது அவருக்கு முக்கால்வாசி புரியாது. ஆனாலும் பிள்ளைப்பேறு விஷயம் பேச இரண்டு பெண்களுக்குப் பாஷை ஒரு தடையா என்ன?

அவர் அம்மாவுக்கு ஏழு பிள்ளைகளாம். ஆறு பேர் வீட்டிலேயே, மருத்துவச்சி கையால் பிறந்தவர்கள். அந்தக் காலத்தில் தெற்கு மாநில ஆஸ்பத்திரிகளில் கறுப்பர்களுக்குத் தனி வார்டு. சில இடங்களில் அதுவும் கிடையாது, வாசலோடு சரி. ஆகவே கறுப்பின மருத்துவச்சிகள்தான் ஊருக்கு ஊர் பிரசவம் பார்த்தார்கள். ஏழை வெள்ளைக்காரர்கள் வீட்டிலும் அவர்களே. வெள்ளை ஏப்ரன், வெள்ளைத் தலைத்துணி, கையில் ஒரு பை. பையில் எல்லாம் சுத்தமாக இருக்கிறதா என்று அரசாங்க நர்ஸ் சோதனை போடுவாள். ஆல்பனியிலேயே மேரி கோலி என்று ஒரு மருத்துவச்சி; மூவாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கையில் ஏந்தியவர். மற்ற மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி கொடுப்பதற்காக அவரை வைத்து 1953-ல் ஒரு சினிமாவே எடுத்திருக்கிறார்கள். தங்கை கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினாள். வாய் ஓயாமல் பேசிக்கொண்டே தண்ணீரைக் கொதிக்கவைத்து, கையை முழங்கை வரை தேய்த்துக் கழுவும் அந்த அம்மாளைப் பார்த்தால் நம் பாட்டிகளில் ஒருத்தி மாதிரியே இருந்தது. பேறுகாலத்துக்கு முந்தி கிளினிக்குக்கு ஒழுங்காகப் போனவளையும் போகாதவளையும் அதில் பக்கத்தில் பக்கத்தில் காட்டுகிறார்கள். எழுபது வருஷம் ஆகியும் பாடம் அதேதான்!

என் பாட்டி காலத்தில் எங்கள் ஊரிலும் மருத்துவச்சி கொல்லைப்புறமாகத்தான் வருவாள். பிள்ளையை முதலில் தொடுகிற கை அவளுடையது. ஆனால் தீட்டு கழிந்ததும் அவளைத் திண்ணையில் உட்காரவிடமாட்டார்கள். இதை அந்த அம்மாளிடம் எப்படியோ சொல்லி முடித்தேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அங்கேயுமா?" என்று கேட்டார்.

ஏழாவது பிள்ளை மட்டும் 1967-ல் ஆஸ்பத்திரியில் பிறந்தான். 1964-ல் சட்டம் வந்து, 1966-ல் 'நிறம் பார்க்கிற ஆஸ்பத்திரிக்கு மெடிகேர் பணம் கிடையாது' என்று அரசாங்கம் கறாராகச் சொன்ன பிறகுதான் வாசல் திறந்தது. (மெடிகேர் என்பது வயதானவர்களுக்கான இன்சூரன்ஸ். மெடிகெய்ட் வேறு, இது வேறு. எனக்கும் இந்தக் குழப்பம் தீர ஒரு மாதம் ஆயிற்று.) மிஸிஸிப்பி மாநிலத்தில் அப்படித் திறந்த கொஞ்ச வருஷத்திலேயே, பேதியிலும் நிமோனியாவிலும் கறுப்பினக் குழந்தைகள் சாவது மளமளவென்று குறைந்திருக்கிறது. மருந்தெல்லாம் ஏற்கெனவே இருந்த மருந்துதான். இதற்கிடையில் மருத்துவச்சிகளுக்கு லைசென்ஸ் கொடுப்பதையும் படிப்படியாக நிறுத்திவிட்டார்கள். அந்த அம்மாளின் ஊரில் இப்போது இரண்டும் இல்லை. ஜார்ஜியாவில் 159 கவுண்டிகள் இருக்கின்றன. நம் தாலுகா மாதிரி. ஏறக்குறைய பாதியில் பிரசவ டாக்டரே கிடையாது. "அதுக்குத்தான் இவளை அட்லாண்டாவிலேயே இருன்னு சொன்னேன். இங்கே டாக்டர் தடுக்கி விழுந்தா இருக்காங்கன்னு நினைச்சேன்" என்றார் அந்த அம்மாள்.

தங்கைக்கு ஏழாம் மாதம் முடிவதற்குள் வீட்டோடு வளைகாப்பு செய்தோம். நான் ஊரிலிருந்து ஆறு டஜன் கண்ணாடி வளையல் துணிக்கு நடுவில் பொதிந்து கொண்டுபோயிருந்தேன். ஐந்து வகைச் சாதம் கிளறினேன். எதிர் வீட்டு அம்மாவையும் பெண்ணையும் கூப்பிட்டிருந்தோம். எல்லாருக்கும் சந்தனம் பூசி, வந்த பெண்களுக்கெல்லாம் கைக்கு இரண்டு வளையல் போட்டுவிட்டேன். அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து, இருப்பதிலேயே பெரிய இரண்டு-எட்டு சைஸ் வளையலை மெல்ல ஏற்றினேன். ஏறவில்லை. சோப்புத் தண்ணீர் தொட்டுப் பார்த்தும் விரல் மொக்கைத் தாண்டவில்லை. இரண்டு வாரத்துக்கு முன்னால் என் ரப்பர் வளையலை வேடிக்கையாக அவள் போட்டுக் கழற்றியிருக்கிறாள், சிரமமில்லாமல். இப்போது கை பொம்மென்று இருந்தது. முகத்தைப் பார்த்தேன், இமையெல்லாம் தடித்திருந்தது. கால் வீக்கம் எல்லாப் பிள்ளைத்தாய்ச்சிக்கும் வருவது. கையும் முகமும் வீங்கினால் பேசாமல் இருக்கக் கூடாது என்று எங்கள் ஊர் நர்ஸம்மா சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம்.

"தலைவலி இருக்கா?" என்று தங்கையை விட்டுக் கேட்கச் சொன்னேன். மூன்று நாளாக இருக்கிறதாம். கண்ணில் பூச்சி பறக்கிறதாம். முந்தாநாளே கிளினிக்குக்குப் போன் செய்திருக்கிறாள். "தண்ணீர் நிறையக் குடியுங்கள், காலைத் தூக்கி வைத்துக்கொண்டு படுங்கள்" என்று சொல்லி வைத்துவிட்டார்களாம்.

தங்கைக்காக வீட்டில் ரத்தக் கொதிப்புப் பார்க்கும் மிஷின் வாங்கி வைத்திருந்தோம். உட்காரவைத்து, முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றச் சொல்லி, ஐந்து நிமிஷம் பேசாமல் இருக்கச் சொல்லிப் பார்த்தோம். 168/112. பதினைந்து நிமிஷம் விட்டு மறுபடி பார்த்தோம். 170/110. கர்ப்பத்தில் 140/90-க்கு மேல் போனாலே கவனிக்கவேண்டும். 160/110 என்றால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாத அவசரம். தங்கை இரண்டு எண்ணையும் நேரம் போட்டு ஒரு காகிதத்தில் எழுதினாள். அவள் வீட்டுக்காரர் கார் சாவியை எடுத்துக்கொண்டார். சாதமெல்லாம் அப்படியே கிடந்தது.

நானும் கூடப் போனேன். கவுண்ட்டரில் விவரம் கேட்டு எழுதிக்கொண்டு, உட்காருங்கள், கூப்பிடுகிறோம் என்றார்கள். இருபது நிமிஷம் ஆயிற்று. அந்தப் பெண் நெற்றியைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டாள். அவள் அம்மா இரண்டு தடவை போய், "என் மகளுக்குத் தாங்கவில்லை" என்று சொன்னார். "காத்திருங்கள் அம்மா" என்றார்கள். மூன்றாவது தடவை அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு போனார். குரலை உயர்த்தவில்லை. ஒவ்வொரு எண்ணாக, சர்ச்சில் வசனம் படிப்பது போல நிறுத்தி வாசித்தார். "முதல் பிரசவத்திலும் இப்படித்தான் ஆயிற்று, எழுதிக்கொள்ளுங்கள்" என்றார். அந்த எண் காதில் விழுந்ததும் நர்ஸ் எழுந்து வந்தாள். இரண்டு நிமிஷத்தில் சக்கர நாற்காலி வந்தது. உள்ளே பார்த்தபோது கொதிப்பு இன்னும் ஏறியிருந்தது. ஜன்னி வராமல் இருக்க மக்னீஷியம் டிரிப், கொதிப்பு இறங்க ஊசி, குழந்தையின் நுரையீரல் பலப்பட இரண்டு ஊசி. முப்பத்துமூன்று வாரம் முடிந்திருந்தது. நாலு நாள் தள்ளிப்போட்டு, அதற்குமேல் தாங்காது என்று சிசேரியன் செய்தார்கள். பெண் குழந்தை. நாலு பவுண்டுக்குக் கொஞ்சம் குறைவு. பதினெட்டு நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்தது.

ஆறாவது நாளே தாயை அனுப்பிவிட்டார்கள். குழந்தை அங்கே, இவள் இங்கே. பாலைப் பீய்ச்சிப் பாட்டிலில் எடுத்துக்கொண்டு, தையல் வலியோடு இரண்டு பஸ். இரண்டாவது நாளிலிருந்து தங்கை வீட்டுக்காரர் ஆபீஸ் போகிற வழியில் கொண்டுவிட்டார். கடை வேலைக்கு எப்போது வருவாய் என்று அதற்குள் போன் வந்துவிட்டது. பெரிய கம்பெனிகளில் வேலை செய்கிறவர்களுக்குப் பன்னிரண்டு வாரம் லீவு உண்டு என்று 1993-ல் ஒரு சட்டம் போட்டிருக்கிறார்கள். சம்பளம் கிடையாது, வேலை போகாது, அவ்வளவுதான். ஒரு வருஷமாவது வேலை பார்த்திருந்தால்தான் அதுவும். இவள் அந்தக் கடையில் சேர்ந்து பத்து மாதம்.

ஒரு நல்ல காரியம் நடந்திருக்கிறது, அதையும் சொல்லவேண்டும். முன்பெல்லாம் மெடிகெய்ட் கார்டு பிரசவமாகி அறுபது நாளில் செல்லாமல் போய்விடும். பிள்ளை பெற்ற பிறகும் பல மாதம் வரை ஆபத்து உண்டு என்பதால், ஒரு வருஷத்துக்கு நீட்டிக்கலாம் என்று 2021-ல் சட்டம் வந்தது. ஜார்ஜியாவில் 2022-ல் நீட்டிவிட்டார்கள். அந்தக் கார்டுதான் இவளுக்குக் கொதிப்பு மாத்திரை வாங்கிக் கொடுத்தது.

தங்கைக்கு டிசம்பரில் நிறை மாதமாகப் பையன் பிறந்தான். நான் கிளம்பும்போது கொதிப்பு மிஷினை எதிர் வீட்டிலேயே கொடுத்துவிட்டோம். காலையும் மாலையும் பார்த்து எழுதும் நோட்டு அந்த அம்மாள் வசம். ஊருக்கு வந்த பிறகு தங்கை போனில் சொன்னாள்: அவள் செக்கப்புக்குப் போய்வந்தாளாம், 134/86 இருந்ததாம், மாத்திரையைப் பாதியாகக் குறைத்திருக்கிறார்களாம். குழந்தை ஒன்பது பவுண்டு. இரண்டு-எட்டு வளையல் இப்போது தாராளமாக ஏறுகிறதாம். வேலைக்குப் போகும்போது மட்டும் கழற்றி வைத்துவிட்டுப் போகிறாளாம்.